திருகோணமலைக் கடைவீதி: வரலாறும் வருங்காலமும்

திருகோணமலை என்னும் பெயரைக் கேட்டவுடன் நம் நெஞ்சில் எழுவன இரண்டு. ஒன்று, திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற கோணேசர் திருமலை. மற்றையது, உலகின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றென மாலுமிகள் போற்றும் ஆழ்கடற் குடா. மலைக்கும் துறைக்கும் வரலாறு எழுதியோர் பலர். இவ்விரண்டிற்கும் நடுவே கிடக்கும் கடைவீதியோ அத்துணைக் கவனம் பெற்றதன்று. பிரதான வீதி, மத்திய வீதி, வடகரை வீதி முதலிய தெருக்களில் புடவைக் கடையும் நகைக் கடையும், பலசரக்குக் கடையும் இரும்புக் கடையும், நாட்டு மருந்துக் கடையும் சாப்பாட்டுக் கடையும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றன. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நாள்தோறும் காணும் இடம் வழிபாட்டிடமும் அன்று, பாடசாலையும் அன்று. கடைவீதியே அத்தகைய பொதுவிடம்.

அப்பொதுவிடம் இன்று ஓர் ஐயத்திற்கு ஆளாகியுள்ளது. வேண்டிய பொருளைக் கைத்தொலைபேசியில் தெரிந்தெடுத்து வீட்டு வாயிலிலே பெறுவதும், குளிரூட்டிய பேரங்காடியிலே தாமே எடுத்துக் கூடையை நிறைப்பதும் மக்களின் வழக்கமாகி வருகின்றன. பாட்டன் தொடங்கித் தந்தை நடத்தி மகன் கைக்கு வந்துள்ள கடை பேரன் காலம்வரை நிலைக்குமா? இவ்வினாவிற்கு விடை கூறப் பொருளியலார் உளர். எனினும் வரலாற்று மாணவர்க்கும் இதில் கூறத்தக்கது ஒன்று உண்டு. திருகோணமலைக் கடைவீதி தன் வாடிக்கையாளரை இழப்பது இது முதன்முறையன்று. கடந்த ஒரு நூற்றாண்டுக்குள்ளேயே மும்முறை அவ்விழப்பை அது கண்டிருக்கின்றது; மும்முறையும் மீண்டிருக்கின்றது. இழந்தது ஏன், மீண்டது எவ்வாறு என்பதை ஆராயின், இனிச் செய்யத்தக்கது எது என்பதும் புலனாகும்.

பண்டைய வணிகர்

திருகோணமலையில் வாணிகம் மிகப் பழையது. மகாவமிசம் இத்துறையைக் கோகர்ணம் என்னும் பெயரின் பாளி வடிவத்தால் குறிக்கின்றது. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய பதிகம், சந்தனத்தையும் அகிலையும் மணியையும் முத்தையும் கடலலை கரை சேர்ப்பதாகக் காட்டுகின்றது. நகருக்கு வடக்கே திரியாயிலுள்ள வடமொழிக் கற்சாசனம் திரபுஸ்ஸக, வல்லிக என்னும் வணிகர் கூட்டத்தாரைப் பெயர் சொல்லி நினைவுகூர்கின்றது. சோழர் ஆட்சியின்போதும் அதற்குப் பின்னரும் தென்னிந்தியப் பெருவணிகர் குழுவாகிய ஐந்நூற்றுவர் இப்பகுதியின் பின்னிலங்களில் நடமாடினர் என்பதைப் பதவியா, வாகல்கட ஆகிய இடங்களில் கிடைத்த தமிழ்ச் சாசனங்கள் உணர்த்துகின்றன.

அவ்வணிகரிடமிருந்து நாம் கற்கவேண்டிய செய்தி ஒன்றே. அவர் தனித்தனியே சென்று வாணிகம் செய்தாரல்லர். கூட்டமாகச் சென்றனர், தமக்கெனக் கட்டுப்பாடுகளை வகுத்தனர், தம் பண்டங்களைக் காக்கத் தாமே காவல் வீரரை வைத்தனர், கோயிலுக்கும் குளத்துக்கும் பொருள் ஈந்தனர். வணிகர் தம் வரவில் ஒரு சிறு பங்கைப் பொதுக் காரியத்துக்கென ஒதுக்கும் வழக்கம் பிற்காலத்தில் மகமை எனப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் விருதுநகர் வணிகர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இம்மகமைப் பணத்தைக் கொண்டே தம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடசாலை நிறுவினர். தனிக்கடை சிறிது, கடைகளின் கூட்டமோ வலிது. இவ்வுண்மையை இக்கட்டுரையின் முடிவில் மீண்டும் நோக்குவோம்.

நங்கூரத்தை நம்பிய காலம்

போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்து, அக்கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். 1639 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டில் மட்டும் அக்கோட்டை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், ஆங்கிலேயரிடமிருந்து பிரான்சியருக்குமாக இருமுறை கைமாறியது. 1795 இல் ஆங்கிலேயர் மீண்டும் கைப்பற்றியபின் திருகோணமலை அவர்தம் கடற்படைத் தளமாக நிலைபெற்றது.

இத்துணைச் சிறந்த துறை இருந்தும், கொழும்பைப் போல ஒரு பெருவணிக நகரம் இங்கே எழவில்லை. காரணம் தெளிவு. துறைமுகத்தை வளர்ப்பது நீரின் ஆழம் மட்டும் அன்று; அதன் பின்னேயுள்ள நிலத்தின் விளைவும் மக்கட்பெருக்கமுமே ஆகும். கோப்பியும் தேயிலையும் விளைந்த மலைநாட்டுக்கு அண்மையிலிருந்தது கொழும்பு. 1875 இல் அங்கே அடிக்கல் நாட்டப்பட்ட அலைதாங்கி, அடுத்த பத்து ஆண்டுகளில் நிறைவுற்றதும், இயற்கையின் கொடையில்லாத அத்துறை செயற்கையால் இலங்கையின் வாயிலாயிற்று. திருகோணமலைக்குப் பின்னே கிடந்ததோ காடும் தூர்ந்த குளங்களும். ஆகவே வணிகக் கப்பல் கொழும்பை நாட, போர்க்கப்பல் திருகோணமலையை நாடியது.

இதன் விளைவு யாது? திருகோணமலைக் கடைவீதியின் முதன்மையான வாடிக்கையாளர் கடற்படையினராயினர். கப்பலுக்கு மரக்கறியும் பழமும் இறைச்சியும் முட்டையும் வழங்குதல், சீருடை தைத்தல், சலவை செய்தல், சப்பாத்துச் செப்பனிடுதல், ஊர் திரும்பும் மாலுமிக்கு நினைவுப்பொருள் விற்றல் என்பன போன்ற தொழில்கள் தளத்தைச் சார்ந்து பெருகின. கீழைத் துறைமுகங்களிற் கப்பலுக்குப் பண்டம் சேர்ப்பவரைத் துபாஷ் என வழங்குவதுண்டு. இருமொழி அறிந்தோன் என்னும் பொருளுடைய அச்சொல் வணிகனைக் குறிக்க வந்ததிலிருந்தே, அக்கால வாணிகம் எவர் நாவின் சுவையை நோக்கியிருந்தது என்பது விளங்கும்.

நங்கூரம் இறங்கினால் கடை செழிக்கும். நங்கூரம் எழுந்தால் கடை சோரும். இந்நிலையின் இடர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வெளிப்பட்டது. பிரித்தானியக் கடற்படைத் தலைவர் பிஷர், கடற்படையைத் தாய்நாட்டுக்கு அண்மையில் குவிக்கும் கொள்கையால் 1905 அளவிலே திருகோணமலைத் தளத்தைச் சுருக்கினார். எங்கோ இலண்டனில் எழுதப்பட்ட ஓர் ஆணை இங்கே தைப்பவனின் ஊசியை நிறுத்திற்று. பின்னர் 1927 இல் புகையிரதம் வந்தது. உலகப் போர்கள் இரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில் நூறளவான எண்ணெய்த் தாங்கிகள் கட்டப்பட்டன. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஏப்பிரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. எனினும் 1944 இல் கீழைக் கடற்படை இங்கே திரண்டபோது, நகரம் முன் காணாத ஆரவாரத்தைக் கண்டது.

அவ்வாரவாரம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1957 ஒக்டோபர் 15 ஆம் நாள் பிரித்தானியர் தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்து அகன்றனர். நாட்டுக்கு அது பெருமை தந்த நாள். ஆயின் தளத்திலே தொழில் புரிந்தோர்க்கும், அவர்தம் கூலியையும் மாலுமியின் பணத்தையும் நம்பியிருந்த கடைகளுக்கும் அது கலக்கத்தைத் தந்த நாளுமாகும்.

இருந்தும் கடைவீதி மடிந்ததில்லை. ஏனெனில், கப்பல் போன திசையை நோக்கியிராமல், பின்புறத்து நிலத்தை நோக்கி அது திரும்பிற்று. கந்தளாய்க் குளமும் அல்லைக் குடியேற்றமும் காட்டைக் கழனியாக்கிக்கொண்டிருந்த காலம் அது. 1946 இல் ஏறக்குறைய 76 ஆயிரமாக இருந்த திருகோணமலை மாவட்டத்தின் மக்கள்தொகை 1981 இல் 2 இலட்சத்து 56 ஆயிரமாயிற்று. 2012 இல் 3 இலட்சத்து 80 ஆயிரத்தை அண்மியது. மண்வெட்டியும் நீரிறைக்கும் பொறியும் விதையும் உரமும் வேண்டிய கமக்காரனும், வலையும் தூண்டிலும் கயிறும் வேண்டிய மீனவனும், தீபாவளிக்கும் பெருநாளுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் புத்தாடை வேண்டிய குடும்பத்தினரும் மாலுமியின் இடத்தை நிரப்பினர். மாலுமி ஒருநாள் வந்து நிறையச் செலவிட்டான். கமக்காரன் ஆண்டு முழுவதும் வந்து சிறுகச் செலவிட்டான். முன்னையவன் வந்தது கப்பல் கொணர்ந்தமையால். பின்னையவன் வந்தது தன் விருப்பால். இவ்வேறுபாடே இக்கட்டுரையின் உயிர்நாடி.

கூப்பன் காலம்

இரண்டாவது இழப்பு வேறு வகையானது. 1942 மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தது. பர்மிய அரிசியின் வரவு நின்றது. இலங்கை அரசு அரிசியைப் பங்கிட்டு வழங்கும் முறையை மேற்கொண்டது. அதற்கென ஆயிரக்கணக்கான கூட்டுறவுப் பண்டகசாலைகள் நாடெங்கும் சில ஆண்டுகளுள்ளே எழுந்தன. 1911 இல் கடனுதவிக் கூட்டுறவுக்கென முதற் சட்டம் இயற்றப்பட்ட இந்நாட்டில், கூட்டுறவுக் கடை என்பது வீட்டுக்கு வீடு அறிந்த நிலையமானது போர்க்காலத்திலேதான். நம் மக்கள் அதனைச் சங்கக்கடை என வழங்கினர். 1943 இல் தோன்றிய கூட்டுறவு மொத்த விற்பனை நிலையம் இச்சங்கங்களுக்குப் பண்டம் சேர்க்கும் பெருங்களஞ்சியமாயிற்று. சதோச என நாம் அறிவது அதன் வழிவந்ததே.

பலசரக்கு வணிகர்க்கு இது பெரும் அடி. குடும்பத்தின் முதற் பொருளாகிய அரிசி அவர் கடையை விட்டுச் சங்கக்கடைக்குச் சென்றது. அரிசிக்காகச் சங்கக்கடைக்குச் சென்றவர் சீனியையும் மாவையும் அங்கேயே வாங்கினர். பங்கீட்டரிசி மக்களின் வாழ்வில் எத்துணை ஆழமாக வேரூன்றியது என்பதற்கு 1953 சான்று. அவ்வாண்டு அதன் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது எழுந்த ஹர்த்தால், பிரதமர் பதவி விலகுவதற்கே காரணமாயிற்று. 1970 முதல் 1977 வரை இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் புடவை வணிகரும் இவ்வழியே நெருக்குண்டனர்.

ஆயின் கதையின் மறுபாதியையும் நோக்குதல் வேண்டும். 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1979 இல் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. கூப்பன் அட்டையின் பிடி தளர்ந்ததும் மக்கள் தாம் விரும்பிய கடையை நாடினர். சங்கக்கடைகளுட் பல தளர்ந்தன. வாடிக்கையாளர் தேடி வரவேண்டிய கட்டாயம் இருந்தவரை, நல்ல பண்டமும் இன்சொல்லும் விரைந்த பணியும் இன்றியமையாதனவாக அங்கே தோன்றவில்லை. கட்டாயம் நீங்கிய பின்னர் அவற்றைக் கற்கக் காலம் போதவில்லை. எந்தச் சங்கங்கள் தம் உறுப்பினரின் அன்பைப் பெற்றிருந்தனவோ அவை மட்டுமே நிலைத்தன. நங்கூரத்தை நம்பிய தனிவணிகர்க்கு 1957 புகட்டிய பாடத்தையே கூப்பனை நம்பிய கூட்டுறவாளர்க்கு 1979 புகட்டிற்று.

தீயும் பாதையும்

மூன்றாவது இழப்பைப் பற்றி எழுதும்போது கை தயங்குகின்றது. 1983 ஆடி மாதத்தில் திருகோணமலையிலும் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அதன்பின் கால்நூற்றாண்டு காலம் போரும் இடப்பெயர்வும் சோதனைச் சாவடியும் ஊரடங்கும் நகரின் வாழ்வை நிர்ணயித்தன. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோர ஊர்களை அழித்தது. 2006 ஏப்பிரல் 12 ஆம் நாள், புத்தாண்டுக்குப் பண்டம் வாங்க மக்கள் திரண்டிருந்த வேளையில், மரக்கறிச் சந்தையிலே குண்டு வெடித்தது. அதனைத் தொடர்ந்த வன்செயலில் உயிர்கள் பலியாயின; தமிழர் கடைகள் பல தீக்கிரையாயின. கடை எரியும்போது எரிவது பண்டம் மட்டும் அன்று. யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என எழுதிய கணக்குக் கொப்பியும் எரிகின்றது; அக்கொப்பியில் எழுதப்பட்டிருந்தது பணத்தினும் பெரிதாகிய நம்பிக்கை.

போர் கடைவீதியின் வாடிக்கையாளரைப் பிரித்து வைத்ததெனின், நில அமைப்போ அவர்களை நெடுங்காலமாகக் கட்டி வைத்திருந்தது. கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் செல்லும் தென்வழியிலே மகாவலியின் கிளைகளும் களப்புகளும் குறுக்கிடுகின்றன. அங்கே வாகனங்களை ஏற்றிச் செல்லும் மிதவையை நம்மவர் பாதை என்பர். பாதைக்குக் காத்து நின்று, அல்லது கொட்டியாரக் குடாவைப் படகிற் கடந்து திருகோணமலைக்கு வருவோர், ஒரே பயணத்தில் எல்லாப் பண்டங்களையும் வாங்கிக்கொண்டு, கடைசிப் படகைத் தவறவிடாமல் திரும்ப வேண்டியவராயினர். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் மட்டக்களப்பு வீதியின் ஏனைய பாதைகளுக்கும் பதிலாகப் பாலங்கள் அமைந்தன.

பாலம் இருவழியும் திறக்கும் கதவு. கிண்ணியா மக்கள் இலகுவில் நகருக்கு வரலாம். கொழும்பிலிருந்து வரும் பாரவூர்தி நேரே கிண்ணியாவுக்கும் போகலாம். தென்கரை ஊர்களின் கடைகள் நிறைவுற, திருகோணமலைக்குப் போயே தீரவேண்டும் என்ற நிலை மாறிற்று. அதே காலத்தில் போரின் முடிவால் நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் புறாத்தீவுக்கும் உல்லாசப் பயணிகள் வரலாயினர். இழந்த இடத்தில் ஒன்று, பெற்ற இடத்தில் ஒன்று எனக் கடைவீதி மூன்றாம் முறையும் தன்னைச் சரிசெய்துகொண்டது.

நங்கூரம், கூப்பன், பாதை என்னும் மூன்றையும் ஒன்றாக வைத்து நோக்குவோமாயின் ஓர் உண்மை தெளிவாகும். மூன்றும் வாடிக்கையாளரைக் கட்டி வைத்த கயிறுகள். கயிறு இருக்கும்வரை கடைக்காரன் தன் திறமையால் விற்பதாக எண்ணுகின்றான்; கயிறு அறுந்த பின்னரே, தன் திறமை எவ்வளவு, கயிற்றின் வலிமை எவ்வளவு என்பதை அறிகின்றான். இன்று அறுபடுவது நான்காவது கயிறு. வேறு கடை அண்மையில் இல்லை, வேறு விலை தெரிய வழியில்லை என்ற அறியாமையே அக்கயிறு.

இன்றைய மாற்றம்

பேரங்காடியும் இணைய வாணிகமும் நேற்றுத் தோன்றியவையல்ல. வாங்குவோர் தாமே பண்டத்தை எடுத்துக்கொள்ளும் கடையை 1916 இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிற் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் தொடங்கினார். இலங்கையில், 1844 இல் தொடங்கிய கார்கில்ஸ் நிறுவனம் 1983 இல் கொழும்பில் தன் முதற் பேரங்காடியைத் திறந்தது. போர் முடிந்தபின் வடக்குக் கிழக்கு நகரங்களிலும் அத்தகைய அங்காடிகள் பரவின. இணைய வழி விற்கும் டராஸ் நிறுவனம் 2016 இல் இந்நாட்டுக்கு வந்தது. 2020 மார்ச்சில் கொரோனா நோய்க்கென ஊரடங்கு விதிக்கப்பட்டபோது, தொலைபேசியிற் சொல்லிப் பண்டம் பெறுவதை முன்பு நினைத்தும் பாராத முதியோரும் பழகிக்கொண்டனர். நோய் தணிந்தது, பழக்கம் தணியவில்லை.

புதிய முறையைப் பழிப்பது எளிது; அதன் நன்மையை ஒப்புக்கொள்வதே நேர்மை. பேரங்காடியில் விலை எழுதி ஒட்டப்பட்டுள்ளது. அறிந்தவர்க்கு ஒரு விலை, அறியாதவர்க்கு ஒரு விலை என்பதில்லை. பண்டத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்காமற் சென்றாலும் எவரும் முகம் சுளிப்பதில்லை. பற்றுச்சீட்டுத் தவறாமல் வருகின்றது. வேலைக்குச் செல்லும் பெண்கள் மாலையிலே ஓரிடத்தில் எல்லாவற்றையும் வாங்கிச் செல்ல முடிகின்றது. நம் கடைவீதியில் இவை யாவும் எல்லாக் கடைகளிலும் உண்டெனக் கூறவியலாது. மக்கள் மாறியது நன்றிகெட்டமையால் அன்று. தக்க காரணம் இருந்தமையாலேயே என்பதைக் கடைக்காரர் முதலில் உணர்தல் வேண்டும்.

ஆயினும் 2022 மறுபக்கத்தைக் காட்டியது. அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற ஆண்டு அது. பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியது. பாரவூர்தியும் எரிபொருளும் இன்றிப் பெருநிறுவனத்தின் நீண்ட வழங்கற் சங்கிலி தளரும் வேளையில், கால்நடையாகச் சென்றடையத்தக்க கடையின் அருமை தெரியும். நூறு கிராம் பருப்பும் சிறு போத்தல் எண்ணெயும் அளந்து கொடுப்பதும், சம்பள நாள்வரை கொப்பியில் எழுதிப் பொறுப்பதும் முகமறிந்த கடைக்காரனால் ஆவன. கணினி நம் கணக்கை அறியும். நம் கஷ்டத்தை அறியாது.

பிறநாட்டார் பட்டறிவு

இம்மாற்றத்தை நமக்கு முன்னரே கண்ட நாடுகள் உண்டு. அவற்றின் பட்டறிவு பெருமையின் நிலையாமையையும் ஒற்றுமையின் வலிமையையும் ஒருங்கே காட்டுகின்றது.

1909 இல் லிவர்ப்பூலில் தன் முதற் கிளையைத் திறந்து பிரித்தானியாவின் நகர்தோறும் பரவிய வூல்வர்த் நிறுவனம், 2009 சனவரியில் ஏறக்குறைய 800 கிளைகளையும் மூடிற்று. அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனமோ தபால்வழிப் பட்டியலால் நாட்டுப்புறக் கடைகளை நடுங்க வைத்தது. அப்பெரும் பட்டியலை அது நிறுத்தியது 1993 இல். இணையக் கடையாகிய அமேசான் நிறுவப்பட்டது 1994 இல். தூரத்திலிருந்து விற்கும் கலையை நூறாண்டாக அறிந்திருந்த நிறுவனம், அக்கலை புதிய வடிவில் வரவிருந்த வேளையில் அதனைக் கைவிட்டது. அளவிற் பெரியது என்பதால் எதுவும் நிலைப்பதில்லை.

மறுபுறம், 1844 டிசம்பரில் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட 28 தொழிலாளர் சிறுபொருள் சேர்த்து ஒரு கடை திறந்தனர். வெண்ணெயும் சீனியும் மாவும் மெழுகுதிரியும் போன்ற சில பண்டங்களே அங்கே இருந்தன. கலப்படமில்லாத பொருள், குறையாத நிறை, வாங்கிய அளவுக்கேற்ப இலாபத்திற் பங்கு என்பன அவர்தம் கொள்கை. உலகக் கூட்டுறவு இயக்கத்தின் வித்து அதுவே. 1932 இல் ஒல்லாந்து நாட்டிலே தனிக்கடைக்காரரும் மொத்த வணிகரும் சேர்ந்து ஸ்பார் என்னும் கூட்டினை அமைத்தனர். கடைகள் தனித்தனியே உரிமையாளரிடமே இருந்தன; கொள்முதல் மட்டும் ஒன்றாயிற்று. இன்று பல நாடுகளில் அப்பெயர்ப்பலகை காணப்படுகின்றது. பெருநிறுவனத்தின் வலிமை அதன் கட்டடத்தில் இல்லை; மொத்தமாக வாங்குவதிலேயே உள்ளது. அதனைச் சிறு கடைகளும் ஒன்றுசேர்ந்து பெறலாம் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. பதவியாச் சாசனத்து வணிகர் இதனை அறிந்திருந்தனர், நாமே மறந்தோம்.

செய்யத்தக்கன

இவ்வரலாற்றிலிருந்து திருகோணமலைக் கடைவீதிக்குப் பொருந்துவனவாக நான்கு கருத்துகளை முன்வைக்கலாம்.

முதலாவது, விலையும் நிறையும். ஒவ்வொரு பண்டத்துக்கும் விலை எழுதி வைத்தலும், கேட்காமலே பற்றுச்சீட்டுக் கொடுத்தலும் செலவில்லாத சீர்திருத்தங்கள். பேரங்காடியின் முதற் கவர்ச்சி குளிரூட்டியன்று; ஐயமின்மையே. அதனை ஒரு சிறு கடையும் நாளையே மேற்கொள்ளலாம்.

இரண்டாவது, கூட்டுக் கொள்முதல். பத்துப் பலசரக்குக் கடைகள் தனித்தனியே கொழும்பு மொத்த வணிகரிடம் வாங்கும்போது விலையைக் கூறுபவர் அவர். ஒன்றாக வாங்கும்போது விலையைக் கேட்டுப் பேசுபவர் நாம். இக்கூட்டு ஓரினத்தார் கூட்டாக அமையின் பயனில்லை. தமிழர் கடையும் முஸ்லிம் கடையும் சிங்களவர் கடையும் ஒரே பாரவூர்தியில் தம் பண்டத்தை இறக்குவாராயின், ஒருவர் கடைக்கு மற்றவரே காவலாவர். 2006 இன் சாம்பலைக் கண்ட நகருக்கு இதனினும் சிறந்த காப்புறுதி வேறில்லை.

மூன்றாவது, அறிவை விற்றல். எந்த வலைக்கு எந்த நூல், எந்த நிலத்துக்கு எந்த விதை, எந்தச் சடங்குக்கு எந்தப் பொருள், எந்த நோய்க்கு எந்த மூலிகை என்பவற்றைச் சொல்லிக்கொடுத்து விற்கும் கடையைப் படம் பார்த்து வாங்கும் முறை எளிதில் வெல்லாது. அளவெடுத்துத் தைத்தலும், பழுதுபார்த்தலும், மாற்றிக் கொடுத்தலும் இத்தகையன. புதிய கருவியையும் இவற்றுக்குத் துணையாக்கலாம். காலையில் தொலைபேசியிற் பட்டியலைப் பெற்று மாலையில் வீட்டுக்கு அனுப்புதல் பழைய கடைக்கு முற்றிலும் புதியதன்று. துண்டுச் சீட்டைப் பையன் கையில் கொடுத்தனுப்பிப் பண்டம் பெற்ற வழக்கத்தின் புதுவடிவே அது.

நான்காவது, தெருவையே ஒரு கடையாகக் கருதுதல். வாகனம் நிறுத்த இடமும், நிழலும், நடைபாதையும், தூய கழிப்பறையும் இன்றேல், தனிக்கடை எவ்வளவு அழகியதாயினும் மக்கள் வாரார். குழந்தையுடன் வரும் தாயும் கோலூன்றி வரும் முதியவரும் அச்சமின்றி நடக்கத்தக்க தெருவே வாழும் தெரு. இது தனி வணிகரால் ஆவதன்று. வணிகர் சங்கமும் உள்ளூராட்சி மன்றமும் சேர்ந்து செய்வது. முன்னோர் கோயிலுக்கும் குளத்துக்கும் கொடுத்த மகமையை இன்றைய வணிகர் தெருவின் நிழலுக்கும் விளக்குக்கும் கொடுத்தால், அதுவும் அறமே, ஆதாயமும் கூட.

வாங்குவோர்க்கும் ஒரு கடமை உண்டு. கடனுக்குத் தெருக்கடை, காசுக்குப் பேரங்காடி என்று ஒழுகுவோமாயின், நம் இடர்க்காலத்துக் கடையை நாமே மூடுகின்றோம். கொப்பிக் கணக்கைக் காலத்தில் தீர்ப்பதும், தெருவிற் கிடைக்கும் பொருளைத் தெருவில் வாங்குவதும் ஊர்ப்பற்றின் எளிய வடிவங்கள்.

முடிவுரை

எல்லாக் கடைகளும் பிழைக்கும் என வரலாறு வாக்குறுதி தருவதில்லை. 1957 இற்குப் பின் கப்பலையே எதிர்நோக்கிக் கிடந்த கடைகள் மறைந்தன. கமக்காரனை நோக்கித் திரும்பியவை நிலைத்தன. 1979 இற்குப் பின் கூப்பனை நம்பியவை தளர்ந்தன. உறுப்பினரின் உள்ளத்தை நம்பியவை எஞ்சின. நான்காம் கயிறு அறுபடும் இக்காலத்தும் முறை அதுவேயாகும். வேறு வழியின்றி வந்த வாடிக்கையாளன் வழி கிடைத்தவுடன் போய்விடுவான். விரும்பி வந்தவன் வழி ஆயிரம் இருந்தும் திரும்பி வருவான்.

துறைமுகத்தைத் தந்தது இயற்கை. கோட்டையைக் கட்டியது அந்நியர். கடைவீதியை ஆக்கியவரோ இவ்வூர் மக்களே. கப்பல்கள் வந்தன, போயின. கொடிகள் ஏறின, இறங்கின. கடைவீதி மட்டும் தீயிலே எரிந்த பின்னும் மறுநாட் காலை கதவைத் திறக்க ஒருவரேனும் வந்தமையால் இன்றும் நிற்கின்றது. அக்கதவு அடுத்த தலைமுறையிலும் திறக்குமாறு செய்வது விற்போர், வாங்குவோர் ஆகிய இரு திறத்தார் கையிலும் உளது.